மாறிய எண் மட்டும்

தில்லைநாயகியிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர்களில் அருளப்பன்தான் வயதில் மூத்தவர். அவருக்கு ஐம்பத்துநான்கு. தில்லைநாயகிக்கு முப்பத்தாறு. அவர் மேடம் என்பார். தில்லைநாயகி சார் என்பார். யாரிடம் யார் கற்றுக்கொள்கிறார்கள் என்று வெளியாள் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும்.

உறையூரில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே அலுவலகம். சூப்பர் மார்க்கெட் அலமாரிகளில் சாமானுக்கு முன்னால் விலை காட்டும் சின்னத் திரைகளை இயக்குவது தொழில். லேபிள் என்பார்கள். பார்க்கக் காகிதம் போலவே இருக்கும். வெளிச்சம் வராது. கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் உள்ளே இடம் மாறி எழுத்தாக நிற்கும். ஒருமுறை எழுதிவிட்டால் அப்புறம் மின்சாரம் வேண்டாம். பேட்டரியைக் கழற்றிவிட்டாலும் கடைசியாக எழுதியது அப்படியே இருக்கும்.

வந்த முதல் வாரத்தில் அருளப்பன் கேட்டார். "விலையில ஒரே ஒரு எண்ணுதான் மாறுது. அதுக்கு ஏன் மேடம் எல்லாத்தையும் அழிச்சு எழுதணும்?"

அப்போதெல்லாம் அப்படித்தான் இருந்தது. நாற்பத்தெட்டை நாற்பத்தொன்பது ஆக்க, லேபிள் முழுக்கக் கறுப்பாகும், வெள்ளையாகும், திரும்பக் கறுப்பாகும். பிறகு பெயர், எடை, விலை எல்லாம் புதிதாக வரும். ஐந்து வருடம் வரவேண்டிய பேட்டரி மூன்றில் தீர்ந்துவிடும்.

தில்லைநாயகி மேசையிலிருந்த ஒரு லேபிளை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

"அழிக்காம மாத்திக் காட்டுங்க."

அருளப்பனுக்கு நான்கு மாதம் பிடித்தது. தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் இருந்துவிட்டு விருப்ப ஓய்வில் வந்தவர். கம்பிக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு எவ்வளவு குறைவாகச் சொன்னால் போதும் என்பது அவருக்குத் தெரியும். சர்வர் கணினியிடம் ஒவ்வொரு லேபிளிலும் கடைசியாக என்ன எழுதினோம் என்ற நகல் இருக்கும். புதியதை அதோடு ஒப்பிட்டு, மாறிய இடத்தை மட்டும் வெட்டி அனுப்பினார். எட்டு இருந்த இடத்தில் சத்தமில்லாமல் ஒன்பது வந்தது. பக்கத்திலிருந்த நாலு அசையவில்லை.

இன்னும் மிச்சம் பிடிக்க முடியும் என்று அவருக்குத் தோன்றியது. ஒவ்வொரு முறையும் லேபிளிடம் "வந்து சேர்ந்ததா?" என்று கேட்க வேண்டியிருந்தது. பதில் சொல்ல அதற்குப் பேட்டரி செலவு. அந்தக் கேள்வியையும் எடுத்துவிட்டார்.

"சார் தந்தி ஆபீஸ் மாதிரி" என்பான் ஷாகுல். அவன் புதிதாகச் சேர்ந்த பொறியாளன். "வீட்டுலயும் இப்படித்தான் பேசுவீங்களா சார்? சாதம். ரசம். போதும்."

அருளப்பன் சிரித்துக்கொள்வார். ஷாகுலுக்கு அவர் வீடு தெரியாது.

தில்லைநாயகிக்கு ஓரளவு தெரியும். பத்து மாதத்துக்கு முன் அவருக்கு ஒன்றரை மாதம் விடுப்பு கொடுத்தவர் அவர்தான். அருளப்பனின் மகன் ரெமிஜியஸ், இருபத்தாறு வயது, அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து பைக்கில் போனபோது ஒரு லாரி இடித்தது. அவன் அங்கேயே போய்விட்டான். அம்மா சலேத்மேரி பிழைத்தாள். தலையில் அடி.

"பழசு எவ்வளவு போயிருக்குன்னு இப்ப சொல்ல முடியாது" என்றார் மருத்துவர். "புதுசா எது சொன்னாலும் ஒரு தூக்கத்தைத் தாண்டி நிக்காது."

*

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் லேபிள் மாட்டிய ஒரு சூப்பர் மார்க்கெட்டிலிருந்து மேலாளர் கூப்பிட்டார்.

"மேடம், பாதாமை அள்ளிட்டுப் போறாங்க. பில் போடுற இடத்துல சண்டை. உடனே வாங்க."

மூவரும் போனார்கள். பில் மேசையில் ஒரு அம்மாள் நான்கு பாக்கெட்டை அணைத்தபடி நின்றார்.

"நீங்கதானே அறுபத்திநாலுன்னு போட்டிருக்கீங்க? இங்க வந்தா நானூத்தி அறுபதுங்கிறீங்க. எங்களைப் பாத்தா எப்படித் தெரியுது?"

"அம்மா, அது மெஷின் தப்பு" என்றார் மேலாளர்.

"மெஷின் கம்மியாப் போட்டாத்தான் தப்பா? கூடப் போட்டா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்கள் கூடைகளிலும் பாதாம்தான்.

ஷாகுல் மெதுவாகச் சொன்னான். "சார், ரெண்டே ரெண்டு எண்ணுதான் அனுப்புனீங்க. கடை காலி."

தில்லைநாயகி அலமாரிக்குப் போய் ஒரு லேபிளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இது என்ன காட்டுது சார்?"

அருளப்பன் மடிக்கணினியைத் திறந்து பார்த்தார். "பொரிகடலை. அரைக் கிலோ. அறுபத்திநாலு."

"இது என்ன காட்டுது?"

"பொரிகடலைதான் மேடம். இந்த லேபிளைப் பொரிகடலைக்கு மாத்திப் போன வாரமே பேரெல்லாம் அனுப்பிட்டேன். இன்னிக்கு விலைக் கட்டத்தை மட்டும் முழுசா மாத்தி..."

"நான் உங்க கம்ப்யூட்டரைக் கேக்கல."

லேபிளை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். மேலே 'பாதாம் பருப்பு' என்று இருந்தது. கீழே 64.

துடைக்கும் துணியோடு ஒரு பெண் வந்து நின்றாள். அங்கே வேலை செய்பவள்.

"போன வாரம் ரேக்குக்குப் பெயிண்ட் அடிச்சாங்க சார். உடைஞ்சிடப் போகுதுன்னு எல்லாத்தையும் கழட்டி பிஸ்கட் டின்னுல போட்டு மூடி வெச்சேன். இன்னிக்குத்தான் எடுத்து, பேரைப் பாத்துப் பாத்து மாட்டுனேன். ஏன் சார், நான் ஏதாவது பண்ணிட்டேனா?"

"நீங்க சரியாத்தான் பண்ணியிருக்கீங்க" என்றார் தில்லைநாயகி.

தகர டின்னுக்குள் எந்தச் செய்தியும் போகாது. போன வாரம் அனுப்பிய பெயர் டின்னுக்குள் இருந்த நாற்பது லேபிள்களுக்கும் போய்ச் சேரவே இல்லை. சேர்ந்ததாக அருளப்பன் நினைத்துக்கொண்டார். சேர்ந்த பெயரின் மேல் புது விலையை எழுதினார். அது வேறொரு பெயரின் மேல் விழுந்தது.

அருளப்பன் அந்த லேபிளைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"இனி எப்படி மேடம் அனுப்புறது?"

"கேட்டுட்டு."

"என்னன்னு?"

"இப்ப என்ன காட்டிட்டு இருக்கேன்னு."

*

ஷாகுல் லேபிள்களைச் சரிசெய்யக் கடையில் தங்கினான். மற்ற இருவரும் ஆட்டோவில் திரும்பினார்கள். விபத்துக்குப் பிறகு அருளப்பன் இருசக்கர வண்டியில் ஏறுவதில்லை.

"வீட்டுல எப்படி இருக்காங்க?" என்றார் தில்லைநாயகி.

"காலைல எழுந்ததும் கேப்பா."

"என்னன்னு?"

"ரெமி எங்கன்னு."

"நீங்க?"

"சொல்லிடுவேன். ஆக்ஸிடெண்ட்ல போயிட்டான்னு. சுத்தி வளைக்கிறதில்ல."

"அவங்க?"

"அழுவா. தலைல அடிச்சுக்குவா. மத்தியானம் வரைக்கும். அப்புறம் ஓஞ்சு கிடப்பா. ராத்திரி மாத்திரை குடுத்துத் தூங்க வைப்பேன். மறுநாள் காலைல மறுபடியும் கேப்பா."

"தினமுமா?"

"தினமும்."

ஆட்டோ சிக்னலில் நின்றது. தில்லைநாயகி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த ரெமியைக் கேக்குறாங்க?"

அருளப்பனுக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. "எனக்கு ஒரே பையன்தான் மேடம்."



*

மறுநாள் காலை சலேத்மேரி எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றாள். கொண்டையை முடிந்துகொண்டே கேட்டாள்.

"என்னங்க, ரெமி எங்க?"

வழக்கமான ஒரு வரி அருளப்பனின் நாக்கு நுனியில் இருந்தது. காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்க போயிருப்பான்? நீ சொல்லு."

"இது என்ன கேள்வி? வேன் வந்துடுச்சா? என்னை எழுப்பக் கூடாதா?"

அவர் கை டம்ளரிலேயே இருந்தது.

"தண்ணி பாட்டிலைக் குடுத்து விட்டீங்களா, அதையும் மறந்தாச்சா? முன்பல்லு ஆடுதுன்னு நேத்து முழுக்க ஒண்ணும் சாப்பிடல அவன். இட்லியைப் பிச்சுப் பால்ல போட்டுக் குடுத்தேன். இன்னிக்கு அந்தப் பல்லு விழுந்துடும் பாருங்க."

"சலேத்து."

"என்ன?"

"அவன் இப்ப எத்தனாங்கிளாஸ்?"

"பெத்த அப்பன் கேக்குற கேள்வியைப் பாரு!" அவள் சிரித்தாள். "மூணாங்கிளாஸ். பி செக்‌ஷன். அது போகட்டும், உங்களுக்கு என்ன தலை இப்படி நரைச்சுக் கெடக்கு? டை தீர்ந்துடுச்சுன்னா வாங்க வேண்டியதுதானே?"

பத்து மாதத்தில் அவள் சிரித்து அவர் பார்த்தது அன்றுதான்.

ஒன்பது மணிக்கு அவளைப் பார்த்துக்கொள்ள எமல்டா வந்தாள். தினமும் அவள் வரும்போது சலேத்மேரி அழுதுகொண்டிருப்பாள், அல்லது அழுது ஓய்ந்து கிடப்பாள். அன்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எமல்டா அருளப்பனைப் பார்த்தாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

*

அலுவலகத்தில் அவர் எதையும் தொடவில்லை. தில்லைநாயகியின் மேசைக்கு எதிரே போய் உட்கார்ந்தார்.

"எட்டு வயசு மேடம்."

தில்லைநாயகி நிமிர்ந்தார்.

"அவளுக்கு ரெமி எட்டு வயசு. அதுக்கப்புறம் எதுவும் இல்ல. காலேஜ், வேலை, பைக் ஒண்ணும் கிடையாது."

"ம்."

"'பால் பல்லுகூட விழலியே என் ராசா'ன்னு அழுவா. அழுறப்ப எல்லா அம்மாவும் புள்ளையோட சின்ன வயசைச் சொல்லித்தானே அழுவாங்கன்னு நினைச்சேன். எங்கம்மாவும் என் தம்பிக்கு அப்படித்தான் அழுதா. எனக்குச் சந்தேகமே வரல."



"செத்தது இருபத்தாறு வயசுப் பையன். நான் தினமும் காலைல எட்டு வயசுப் புள்ளையைக் கொன்னுட்டு வேலைக்கு வந்திருக்கேன்."

தில்லைநாயகி தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் குடிக்கவில்லை.

"ஏன் சார் தினமும் சொன்னீங்க?"

"உண்மைதானே."

"ம்."

"பெத்தவகிட்ட மறைக்கக் கூடாதில்ல."

"ம்."

கீழே சைக்கிள் கடையில் யாரோ டயருக்குக் காற்றடித்தார்கள். அது முடியும்வரை அருளப்பன் காத்திருந்தார்.

"வேற யாரு மேடம் இருக்கா? அவனுக்காக என்கூட உக்காந்து அழ அவளை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

தில்லைநாயகி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"மூணாங்கிளாஸ் எத்தனை மணிக்கு விடுவாங்க?"

"மூணே முக்கால். வேன் நாலு மணிக்கு வரும்."

"நாலு மணிக்கு அவங்க வாசல்ல வந்து நிப்பாங்களே."

அருளப்பன் அவரைப் பார்த்தார்.

"ஆறு மணி வரைக்கும் நீங்க இங்க இருக்கீங்க" என்றார் தில்லைநாயகி.

அன்றிலிருந்து அவர் மூன்றே காலுக்குக் கிளம்பினார். எங்கே போகிறார் என்று ஷாகுல் கேட்கவில்லை. யாரோ சொல்லியிருக்க வேண்டும். தந்தி ஆபீஸ் கேலியையும் அவன் விட்டுவிட்டான்.

ஒரு வாரம் கழித்து அருளப்பன் சொன்னார். "பொய் சொல்றேன் மேடம். லால்குடிலேருந்து அத்தை வந்து அவனைக் கூட்டிட்டுப் போயிட்டா, நாளைக்கு வந்துடுவான்னு. தினமும் அதே பொய்."

"அழுறாங்களா?"

"இல்ல. திட்டுறா."

"யாரை?"

"என்னைத்தான். உங்க அக்கா கேட்டதும் அனுப்பிடுவீங்களா, யூனிபார்மை யாரு துவைக்கிறதுன்னு."

முதல் முறையாக இருவரும் கொஞ்சம் சிரித்தார்கள். சிரித்தது தப்போ என்பது போல அருளப்பன் உடனே எழுந்து போய்விட்டார்.

அந்த மாதத்தில் அவர் நிரலைத் திருத்தி முடித்தார். இப்போது சர்வர் எதையும் அனுப்புமுன் லேபிளிடம் என்ன காட்டுகிறாய் என்று கேட்கிறது. லேபிள் சின்னதாக ஒரு பதில் சொல்கிறது. பதில் பொருந்தினால் மாறிய எண் மட்டும் போகிறது. பொருந்தாவிட்டால் லேபிள் கறுப்பாகி, வெள்ளையாகி, முழுவதும் புதிதாக எழுதிக்கொள்கிறது. பேட்டரி ஐந்து வருடம் வராது. நாலரை வரும்.

"அரை வருஷம் போச்சு" என்றான் ஷாகுல்.

"போகட்டும்" என்றார் அருளப்பன்.

*

ரெமிஜியஸ் இறந்து ஒரு வருடம் ஆன அன்று அருளப்பன் அலுவலகத்துக்கு வரமாட்டார் என்று நினைத்திருந்தார்கள். பதினோரு மணிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை. நேராகத் தில்லைநாயகியின் எதிரே உட்கார்ந்தார்.

"காலைல நினைவுத் திருப்பலி வெச்சேன் மேடம். பங்குக் கோயில்ல."

"நீங்க மட்டும் போனீங்களா?"

"அவளையும் கூட்டிட்டுப் போனேன். வேண்டாம்னு எமல்டா சொன்னா. பெத்தவ இல்லாம எப்படின்னு எனக்குத்தான் மனசு கேக்கல. யாருக்குன்னு அவகிட்ட சொல்லல."

தில்லைநாயகி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

"சாமியார் பேரை வாசிச்சார். ரெமிஜியஸ், வயசு இருபத்தாறு, முதலாம் ஆண்டு நினைவுன்னு. அவ என்னை முழங்கையால இடிச்சா."

அவர் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார்.

"'நம்ம புள்ளை பேருங்க'ன்னா. 'இருபத்தாறு வயசாம். பாவம், யாரு பெத்த புள்ளையோ'ன்னா. முந்தானையை எடுத்துக் கண்ணைத் தொடச்சுக்கிட்டா. அப்புறம் முட்டி போட்டு அவனுக்காக வேண்டிக்கிட்டா. யாரோ ஒரு பையனுக்காக."

ஷாகுல் தன் இடத்தில் தட்டச்சு செய்வதை நிறுத்தியிருந்தான். பிறகு எழுந்து சத்தமில்லாமல் மாடிப்படி இறங்கிப் போனான்.

"அவகிட்ட இனிமே அதைச் சொல்ல மாட்டேன் மேடம். சத்தியமா. அவளுக்கு அவன் மூணாங்கிளாஸ்லயே இருக்கட்டும். நாலு மணிக்கு வருவான்னு நிக்கட்டும். நானும் கூட நிக்கிறேன்."

"ம்."

"ஆனா அதுக்கப்புறம் பதினெட்டு வருஷம் இருந்தான் மேடம் அவன். பல்லு விழுந்து முளைச்சது. மீசை வந்துச்சு. என்கூட ஒரு வருஷம் பேசாம இருந்தான். அப்புறம் அவனே வந்து பேசினான். அவ்வளவும் நடந்தது. எங்க வீட்டுல இப்ப அது யாருக்குமே தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். நானும் போயிட்டா..."



தில்லைநாயகி திரையை அணைத்தார். நாற்காலியை மேசையைச் சுற்றி இழுத்துவந்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"நான் உங்க பையனைப் பாத்ததே இல்ல சார்" என்றார். "ஒம்பது வயசுல எப்படி இருந்தான்?"